இரண்டு ஜிபி மடிக்கணினியில் டெபியன்: அளந்து பார்த்துச் செய்த வேலை

என் அக்கா பணியில் இருந்த காலத்தில் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்று பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. 2009 ஆம் ஆண்டு வாங்கப்பட்ட இயந்திரம் அது. இன்டெல் கோர் 2 டுவோ பிராசஸர், 1 ஜிபி அளவில் இரண்டு டிடிஆர்2 நினைவகத் துண்டுகள், நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் 160 ஜிபி வன்தட்டு, 1366×768 திரை ஆகியவை அதன் உடைமைகள். பணி ஓய்வுக்குப் பிறகு அதை மீண்டும் எடுத்து, "தம்பி, இதில் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும், பிடிஎஃப் படிக்க வேண்டும், மெயில் பார்க்க வேண்டும், எப்போதாவது ஒரு வீடியோ பாடம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்" என்று என்னிடம் ஒப்படைத்தார். அதில் இருந்த பழைய விண்டோஸ் எழுந்து நிற்கவே நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆனது. உலாவியைத் திறந்தால் வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

பழைய கணினி என்றவுடன், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பல வெளியீடுகளில் எது இலகுவானது என்ற கேள்வியே நம் மனத்தில் முதலில் எழுகிறது. எனக்கும் அப்படியே எழுந்தது. அதற்கு விடை தேடி இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டேன். அதன் பின்னர் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, இயந்திரம் எந்த இடத்தில் நின்று காத்திருக்கிறது என்று அளந்து பார்த்தபோது கிடைத்த விடை வேறாக இருந்தது. அந்த அளவீடுகளையும் அவற்றைத் தொடர்ந்து செய்த மாற்றங்களையும் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குபவர் என் வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் நேரம் மிச்சமாகும்.

முதல் வேலை, வன்தட்டில் இருந்த புகைப்படங்களையும் கடிதங்களையும் காப்பாற்றுவது. வன்தட்டில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் ஒரு லைவ் லினக்ஸைத் துவக்கி, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் வன்தட்டின் உடல்நிலையைப் பார்த்தேன். அதில் நான் எப்போதும் கவனிப்பவை இரண்டு வரிகள். 5 ஆம் எண் வரி, பழுதாகி மாற்று இடத்திற்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின் (வட்டின் சிறு சேமிப்புத் துண்டுகளின்) எண்ணிக்கையைக் காட்டும்; 197 ஆம் எண் வரி, படிக்க முடியாமல் திணறி இன்னும் முடிவு எடுக்கப்படாமல் நிற்கும் செக்டார்களைக் காட்டும். முதலாவதில் 24 என்றும் இரண்டாவதில் 8 என்றும் இருந்தது. 197 ஆம் வரியில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் தெரிந்தால் சாதாரணமாகக் கோப்புகளை நகலெடுப்பது நல்லதல்ல. பழுதான ஒரு கோப்பில் வன்தட்டு மீண்டும் மீண்டும் முயன்று, மீதியைப் படிப்பதற்குள் மேலும் சீர்கெடக்கூடும். ஆகவே டிடிரெஸ்க்யூ கொண்டு முழு வட்டையும் வெளி வன்தட்டில் ஒரு படிமமாக (அப்படியே முழு நகலாக) எடுத்தேன். நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அதன் வழக்கம். எது வரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்வதால், நடுவில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சில கிலோபைட்டுகள் தவிர அனைத்தும் மீண்டன. அந்தப் படிமத்திலிருந்து புகைப்படங்களைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொட்டேன்.

அன்றிரவு, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடியது. காலையில் பிழை ஏதும் இல்லை. நினைவகத்தில் பழுது இருந்தால் அடுத்து வரும் ஒவ்வொரு கோளாறுக்கும் மென்பொருளையே சந்தேகித்துக்கொண்டிருப்போம் என்பதால், இந்த ஓர் இரவை நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்ததாக வெளிப்பட்ட சிக்கல் மிகச் சிறியது. ஆனால் தெரியாதவரை நெடுநேரம் அலைக்கழிக்கக்கூடியது. லைவ் அமைப்பில் எந்தப் பாதுகாப்பான வலைப்பக்கமும் திறக்கவில்லை. சான்றிதழ் பிழை என்றே வந்தது. மென்பொருளை நிறுவும் ஆப்ட் கட்டளையும், மென்பொருள் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்தது. கணினியின் தேதியைப் பார்த்தால் 2009 ஜனவரி 1. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி இறந்துவிட்டிருந்தது. சான்றிதழ்கள் எல்லாம் வருங்காலத்தில் வழங்கப்பட்டவையாக அந்தக் கணினிக்குத் தோன்றியதால்தான் அத்தனை மறுப்பும். பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்ததும் இரண்டு பிழைகளும் ஒருசேர மறைந்தன.

பேட்டரிக்காக அடிமூடியைத் திறந்தபோது விசிறியையும் பார்க்க நேர்ந்தது. வெப்பத்தை வெளியேற்றும் செப்புத் தகடுகளின் வாயில் தூசி ஒரு கம்பளித் துண்டைப் போலப் படிந்திருந்தது. முன்னதாக சென்சார்ஸ் கட்டளை காட்டிய அளவு, வேலைப்பளுவின்போது 94 டிகிரி செல்சியஸ். கெர்னல் எனப்படும் இயங்குதள மையக்கருவின் பதிவிலும், வெப்பம் எல்லை மீறியதால் பிராசஸரின் வேகம் குறைக்கப்பட்டது என்ற வரிகள் இருந்தன. இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வெப்பத்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் பிராசஸரில் எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் அது மந்தமாகவே தெரியும். விசிறியின் இறகுகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தூசியை நீக்கினேன். காற்றை ஊதி விசிறியைத் தாறுமாறாகச் சுழலவிட்டால் அதன் அச்சு கெட்டுவிடும். வெப்பக் குழாயைக் கழற்றியபோது பிராசஸரின் மேல் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியைப் போல உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரு பரப்புகளையும் துடைத்து, அரிசி அளவு புதிய பேஸ்ட்டை இட்டு, திருகுகளைக் குறுக்குவாட்டில் சிறிது சிறிதாக இறுக்கினேன். அதே வேலைப்பளுவில் வெப்பம் 71 டிகிரிக்கு இறங்கியது.

இப்போது இயங்குதளத்திற்கு வருகிறேன். பழைய கணினி என்றால் 32 பிட் பதிப்பே பொருத்தம் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. எல்எஸ்சிபியூ கட்டளையை ஓட்டினால் பிராசஸர் 64 பிட் முறையில் இயங்குமா என்பது முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும். கோர் 2 டுவோ அவ்வாறு இயங்கும். நான் தேர்ந்தெடுத்த லினக்ஸ் வெளியீடான டெபியனின், 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13 ஆம் பதிப்பு, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியையும் கெர்னலையும் தருவதையே நிறுத்திவிட்டது. அதே சமயம் 64 பிட் என்பதால் மட்டும் எல்லா வெளியீடுகளும் ஓடிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. ரெட் ஹேட் 9 ஆம் பதிப்பும் அதை அடியொற்றிய ராக்கி, அல்மா போன்றவற்றின் அதே பதிப்புகளும், எக்ஸ்86-64-வி2 எனப்படும் அறிவுறுத்தல் தொகுதியை எதிர்பார்க்கின்றன. அதற்குத் தேவையான எஸ்எஸ்இ4.2, கோர் 2 தலைமுறைக்கு அடுத்து வந்த பிராசஸர்களில்தான் இடம்பெற்றது. டெபியனின் 64 பிட் பதிப்போ இன்னும் அடிப்படை அறிவுறுத்தல்களோடு நிறைவுகொள்கிறது. நீண்ட காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதும், அக்காவின் வீட்டில் நான் இல்லாதபோது எதுவும் திடீரென மாறிவிடாது என்பதும் டெபியனைத் தேர்ந்தெடுக்க எனக்குப் போதுமான காரணங்களாக இருந்தன.

பதிவிறக்கிய நிறுவல் படிமத்தின் எஸ்எச்ஏ256 கூட்டை (கோப்பு பழுதின்றி வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பென் டிரைவில் எழுதினேன். நிறுவும்போது வைஃபை வேலை செய்யவில்லை. அந்தச் சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) நிறுவல் ஊடகத்தில் இல்லை. கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை இயக்கியதும், நிறுவி அதைச் சாதாரணக் கம்பிவழி இணைப்பாக ஏற்றுக்கொண்டது. நிறுவல் முடிந்த பின், காண்ட்ரிப் என்ற கூடுதல் மென்பொருள் பிரிவைக் களஞ்சியப் பட்டியலில் சேர்த்து ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவியதும் வைஃபை எழுந்தது.

நிறுவியின் மென்பொருள் தேர்வுத் திரையில் மேசைச்சூழல் (சாளரங்களும் பணிப்பட்டையும் கொண்ட திரை அமைப்பு) எதையும் குறிக்காமல், அடிப்படை அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். பிறகு, கட்டளைகளைத் தட்டும் முனையத்தில், எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைச்சூழலின் எக்ஸ்எஃப்சிஇ4 தொகுப்பை, பரிந்துரைக்கப்படும் துணைத் தொகுப்புகள் வேண்டாம் என்ற விருப்பத்தோடு நிறுவினேன். தேவையற்றது ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்பது என் எண்ணம். அது தவறாயிற்று. துணார் கோப்பு மேலாளரில் குப்பைத்தொட்டி இல்லை, பென் டிரைவைச் செருகினால் ஒன்றும் தோன்றவில்லை, வைஃபைக்கான பணிப்பட்டைச் சின்னம் இல்லை, ஒலி இல்லை, கடவுச்சொல் கேட்கும் சாளரம் வராததால் நிர்வாக வேலைகள் ஓசையின்றித் தோற்றன, தமிழ் எழுத்துகள் வர வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். ஒவ்வொன்றாகத் தேடி, ஜிவிஎஃப்எஸ், துணார்-வால்மேன், நெட்வொர்க் மேனேஜரின் ஆப்லெட், பைப்வயர், பாவுகன்ட்ரோல், போல்கிட் முகவர், எழுத்துருக்கள் ஆகியவற்றைச் சேர்த்தேன். எல்லாம் சேர்த்த பின் கணக்குப் பார்த்தால், வழக்கமான நிறுவலைவிட வட்டில் சில நூறு எம்பி மிச்சம். நினைவகத்தில் மிச்சமானது முப்பது எம்பிக்கும் குறைவு. பிறருக்காகத் தயாரிக்கும் கணினியில் இம்முறையை நான் இனிப் பின்பற்ற மாட்டேன். நிறுவப்பட்டும் ஓடாமல் இருக்கும் மென்பொருள் நினைவகத்தை எடுத்துக்கொள்வதில்லை. எது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

அடுத்த வார இறுதியில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி, ஐஸ்டபிள்யூஎம் ஆகிய மூன்று சூழல்களையும் ஒரே டெபியனில் அருகருகே நிறுவி ஒப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் கணினியை மறுபடி துவக்கி, உள்நுழைந்து, மூன்று நிமிடங்கள் தொடாமல் விட்டு, ஃப்ரீ கட்டளையால் அளந்தேன். இக்கட்டளையின் வெளியீட்டில் பலரும் "ஃப்ரீ" என்ற நிரலைப் பார்த்துப் பதறுகிறார்கள். சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் வட்டுக் கோப்புகளின் தற்காலிக நகலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். தேவை வந்தால் உடனே விட்டுக்கொடுக்கும். எனவே பார்க்க வேண்டியது "அவைலபிள்" என்ற நிரலை. பயன்பாட்டில் இருந்த நினைவகம் எக்ஸ்எஃப்சிஇயில் 540 எம்பி, எல்எக்ஸ்கியூடியில் 480 எம்பி, ஐஸ்டபிள்யூஎம்மில் 310 எம்பி எனத் தெரிந்தது.

இந்த எண்களைப் பார்த்ததும் ஐஸ்டபிள்யூஎம் பக்கமே சாய்ந்தேன். 230 எம்பி என்பது 2 ஜிபியில் அற்பமான அளவு அல்ல. ஆனால் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து மின்னஞ்சல், ஒரு செய்தித்தளம், ஒரு தேடல் பக்கம் ஆகிய மூன்றைத் திறந்தவுடன் மூன்று சூழல்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு கரைந்துவிட்டது. மூன்றிலும் நினைவகம் நிரம்பியது, மூன்றிலும் ஸ்வாப் (நினைவகத்தில் இடமில்லாததை வட்டுக்கு மாற்றுவது) தொடங்கியது, மூன்றிலும் சுட்டி திக்கித் திக்கி நகர்ந்தது. ஐஸ்டபிள்யூஎம்மில் அந்த நிலை ஒரு தாவல் தாமதமாக வந்தது, அவ்வளவே. அந்த ஒரு தாவலுக்காக, பேட்டரி அளவும் வைஃபை நிலையும் பென் டிரைவைப் பாதுகாப்பாக எடுப்பதும் இயல்பாகக் கண்ணில் படும் ஒரு சூழலை அக்காவிடமிருந்து எடுத்துவிடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. எக்ஸ்எஃப்சிஇயை நிலைநிறுத்திக்கொண்டு, வேறு இடத்தில் தேடத் தொடங்கினேன்.

அளந்து பார்த்த மாலை அதுதான். ஒரு முனையத்தில் விஎம்ஸ்டாட் கட்டளையை வினாடிக்கு ஒரு வரி வீதம் ஓடவிட்டு, உலாவியில் வழக்கமான வேலைகளைச் செய்தேன். அந்த வெளியீட்டில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு நிரல்கள் ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காட்டும். டபிள்யூஏ என்ற நிரல், வட்டு பதில் சொல்லட்டும் என்று பிராசஸர் வெறுமனே காத்திருக்கும் நேரத்தின் விழுக்காட்டைக் காட்டும். கணினி உறைந்ததாகத் தோன்றிய தருணங்களில் எல்லாம் பிராசஸரின் உண்மையான உழைப்பு இருபது விழுக்காட்டைத் தாண்டவில்லை. டபிள்யூஏ நிரலில் எழுபதும் எண்பதும் நின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பழமையான பிராசஸரைத்தான் நான் அதுவரை குற்றவாளியாக எண்ணியிருந்தேன். அதுவோ பெரும்பாலான நேரம் கைகட்டி நின்றது. சுழலும் வட்டின் படிமுனை ஒவ்வொரு சிறு துண்டுக்கும் இடம் தேடி நகர வேண்டும். ஸ்வாப் கேட்பதோ எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் 4 கிலோபைட் துண்டுகளை. அந்த வட்டில் படிக்கத் திணறும் செக்டார்கள் வேறு இருந்தன. மேசைச்சூழலின் எடையைக் குறைத்து இந்த நோயைத் தீர்க்க முடியாது.

பணம் எதுவும் செலவிடாமல் செய்யக்கூடியதை முதலில் செய்தேன். அதற்குப் பெயர் இசட்-ராம். நினைவகத்தின் ஒரு பகுதியை, சுருக்கப்பட்ட ஸ்வாப் சாதனமாகக் கெர்னல் அமைத்துக்கொள்ளும் வசதி அது. 2014 இல் வந்த 3.14 ஆம் பதிப்பிலிருந்து கெர்னலின் நிலையான பகுதியாக இருக்கிறது. வெளியேற்ற வேண்டிய பக்கங்கள் (நினைவகத்தின் 4 கிலோபைட் துண்டுகள்) வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே சுருங்கி அமர்கின்றன. சுருக்கவும் விரிக்கவும் பிராசஸர் உழைக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சும்மா நிற்கும் பிராசஸருக்கு அந்த வேலை பொருத்தமானதே. இசட்ராம்-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் சுருக்கும் முறையாக இசட்எஸ்டிடியையும் அளவாக நினைவகத்தின் 50 விழுக்காட்டையும் குறித்தேன். அத்துடன் கெர்னலின் இரண்டு மதிப்புகளையும் மாற்றினேன். ஸ்வாப்பை எவ்வளவு நாட வேண்டும் என்று குறிக்கும் ஸ்வாப்பினஸின் இயல்பு மதிப்பு 60. மெதுவான வட்டை மனத்தில் கொண்டு அதைக் குறைக்கச் சொல்லும் பழைய அறிவுரை இசட்-ராமுக்குப் பொருந்தாது என்பதால் 150 ஆக உயர்த்தினேன். பேஜ்-கிளஸ்டர் என்பதன் இயல்பு மதிப்பு 3. அதாவது ஒரு பக்கம் கேட்டால் இரண்டின் மும்மடிப் பெருக்கமான எட்டுப் பக்கங்களை ஸ்வாப்பிலிருந்து சேர்த்து எடுத்துவரும். சுழலும் வட்டுக்கு அது நல்ல ஏற்பாடு; இசட்-ராமுக்கு வீண் வேலை. ஆகவே அதைப் பூஜ்ஜியமாக்கினேன்.

அதே மூன்று வலைப்பக்கங்களைத் திறந்து இசட்ராம்சிடிஎல் கட்டளையைப் பார்த்தபோது, 610 எம்பி அளவுள்ள நினைவகப் பக்கங்கள் 175 எம்பிக்குள் அடங்கியிருந்தன. சுட்டி திக்குவது நின்றது. ஆறேழு தாவல்களுக்கு மேல் போனால் மீண்டும் திணறல் வந்தது. அதற்கு முன்புவரை இயந்திரம் பயன்படுத்தத் தக்கதாக மாறியிருந்தது. ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்ய அனுமதி உண்டு என்று யாராவது கட்டுப்படுத்தினால், பைசா செலவில்லாத இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

டெபியன் 13 க்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு இப்பதிப்பிலிருந்து வட்டில் இருப்பதில்லை. டிஎம்பிஎஃப்எஸ் என்ற முறையில் நினைவகத்தில் இருக்கிறது. நினைவகத்தின் பாதி வரை வளர அதற்கு அனுமதியும் உண்டு. நினைவகம் தாராளமாக உள்ள கணினியில் இது வேகம் தரும். 2 ஜிபி கணினியில் ஒரு பெரிய கோப்பு அங்கே வந்து அமர்ந்தால் உலாவிக்கு இடமில்லாமல் போகும். 300 எம்பி அளவுள்ள ஒரு சுருக்கக் கோப்பை அங்கே விரித்துப் பார்த்தபோது காரணம் புரியாத திணறல் ஏற்பட்டதால்தான் எனக்கே இது தெரியவந்தது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் டிஎம்பி மவுண்ட் என்ற அலகை மாஸ்க் செய்து (இயங்காதபடி தடுத்து), கணினியை மறுபடி துவக்கியதும் அந்த அடைவு பழையபடி வட்டுக்குத் திரும்பியது.

அதன் பிறகு வன்பொருளில் இரண்டு மாற்றங்கள். செக்டார்கள் பழுதாகிவந்த வன்தட்டை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும் என்பதால், 120 ஜிபி அளவுள்ள, சுழலும் பாகம் இல்லாத சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றை அதன் இடத்தில் வைத்தேன். பழைய வன்தட்டின் தடிமன் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டியின் தடிமன் 7 மில்லிமீட்டர். இணைப்பானும் திருகுத் துளைகளும் ஒன்றேயானாலும், இடைவெளியில் அது ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டியிருந்தது. இந்தத் தலைமுறை மதர்போர்டின் சாட்டா வேகம் வினாடிக்கு 3 ஜிகாபிட் வரைதான். எஸ்எஸ்டியின் அட்டையில் எழுதியிருக்கும் வேகத்தில் பாதிக்கும் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கும். அதனால் வருந்த வேண்டியதில்லை. நமக்குப் பயன் தருவது தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் அன்று. சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைத் தேடாமல் எடுக்கும் ஆற்றல். டெபியனைப் புதிதாக, இம்முறை வழக்கமான எக்ஸ்எஃப்சிஇ தேர்வோடு நிறுவி, முந்தைய மாற்றங்களைத் திரும்பச் செய்தேன். வாரம் ஒருமுறை பயனற்ற பகுதிகளை எஸ்எஸ்டிக்கு அறிவிக்கும் எஃப்எஸ்டிரிம் டைமர் இயங்குகிறதா என்பதையும் உறுதிசெய்தேன்.

நினைவகத்தைப் பொறுத்தவரை, வாங்குவதற்கு முன் பழைய துண்டைக் கழற்றி அதன் மேல் ஒட்டிய சீட்டைப் படித்தேன். மடிக்கணினிக்கான டிடிஆர்2 துண்டில் 200 ஊசிகள், டிடிஆர்3 துண்டில் 204. வெட்டின் இடமும் வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தில் அமராது. தலா 2 ஜிபி அளவில் இரண்டு பழைய துண்டுகள் கிடைத்தன. பயன்படுத்தப்பட்டவை என்பதால் மீண்டும் ஓரிரவு மெம்டெஸ்ட் ஓடியது; மூன்றாவது சுற்றில் ஒரு துண்டில் பிழைகள் வந்தன. தனித்தனியாகச் சோதித்துப் பழுதான துண்டைக் கண்டறிந்து மாற்றிய பின், மொத்தம் 4 ஜிபி ஆனது.

துவங்கும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன். பழைய வன்தட்டில் டெபியன் உள்நுழைவுத் திரைக்கு வர 1 நிமிடம் 52 வினாடி ஆனது. எஸ்எஸ்டியில் 34 வினாடி. சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையில் பிளேம் என்ற பட்டியலைப் பார்த்து நீளமான பெயர்களையெல்லாம் நிறுத்திவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்பட்டியலில் உள்ள சேவைகள் ஒரே நேரத்தில் இணையாக ஓடுபவை. அங்கே 8 வினாடி காட்டும் சேவையை நிறுத்தினாலும் துவக்கம் ஒரு வினாடிகூடக் குறையாமல் போகலாம். கிரிட்டிகல்-செயின் என்ற வெளியீடுதான் எது எதற்காகக் காத்திருந்தது என்ற சங்கிலியைக் காட்டும். அதன்படி, வலையிணைப்பு கிடைக்கும்வரை காத்திருக்கும் நெட்வொர்க் மேனேஜரின் சேவை ஒன்றை மட்டும் நிறுத்தினேன். 34 வினாடி 28 ஆகியது. அச்சுப்பொறிச் சேவையைத் தொடவில்லை. அக்காவுக்கு அது தேவைப்படும்.

உலாவிக்காக நான் செய்தவை சில. முதலாவது, யூபிளாக் ஆரிஜின். விளம்பரங்களைத் தடுப்பது கண்ணுக்கு இதமானது என்பது ஒருபுறம் இருக்க, ஒரு செய்திப் பக்கத்தோடு ஒட்டிவரும் பிறதள நிரல்கள் ஓடாமல் நிற்பதே பழைய கணினிக்குப் பெரிய விடுதலை. ஒரே செய்தித்தளத்தை அதனோடும் அது இல்லாமலும் திறந்தபோது பக்கம் அமைதி அடைய ஆன நேரம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இரண்டாவது, பயன்படுத்தாத தாவலை வலச்சொடுக்கிட்டு நினைவகத்திலிருந்து இறக்கும் வசதியை அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தேன். உலாவியின் செயல்முறை எண்ணிக்கையைக் குறைக்கும் பழைய அமைப்பையும் மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் செயல்முறை ஒதுக்கும் முறை வந்துவிட்ட பிறகு அதனால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை என்பதால் இயல்பு நிலைக்கே திருப்பினேன். இவற்றுக்கெல்லாம் காவலாக, எர்லிஊம் என்ற சிறு சேவையை நிறுவினேன். கிடைக்கும் நினைவகமும் ஸ்வாப்பும் இரண்டுமே பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால், மிக அதிகமாக விழுங்கும் செயல்முறையை அது நிறுத்திவிடும். ஒரு தாவல் மூடிப்போவது, கணினி முழுவதும் பத்து நிமிடம் உறைந்து நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

காணொளிதான் இந்த இயந்திரத்தின் உண்மையான எல்லை. இதிலுள்ள இன்டெல் ஜிஎம்ஏ 4500 வரைகலைப் பகுதி, இன்றைய காணொளித் தளங்கள் அனுப்பும் விபி9, ஏவி1 என்ற காணொளிச் சுருக்க வகைகள் தோன்றுவதற்கு முன்பே செய்யப்பட்டது. அவற்றைப் பிரித்தெடுக்கும் பாரம் முழுவதும் பிராசஸரின் மேல் விழுகிறது. 720 பி அளவில் இரு கோர்களும் நூறு விழுக்காட்டைத் தொட்டு, படம் தவணை தவணையாக நகர்ந்தது. எச்.264 வகையை மட்டும் கேட்டு வாங்கும் ஒரு சிறு நீட்சியை உலாவியில் சேர்த்து, அளவை 480 பியில் நிறுத்தியபோது விரிவுரைகள் தடையின்றி ஓடின. அதே காணொளியை எம்பிவி இயக்கியில் திறந்தால் பிராசஸரின் பாரம் மேலும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கரும்பலகையும் பேசுபவரின் முகமும் தெரிய 480 பி போதும். இதற்கு மேல் இந்தக் கணினியிடம் எதிர்பார்ப்பது அதற்கு அநீதி என்றே கருதுகிறேன்.

தமிழுக்காக நோட்டோ எழுத்துருக்களின் முழுத் தொகுப்பை நிறுவப் போனபோது, உலகின் எழுத்துகள் அனைத்தும் சேர்ந்து பல நூறு எம்பி இறங்கத் தயாராக நின்றன. அதை நிறுத்திவிட்டு, டெபியனின் ஃபாண்ட்ஸ்-தமிழ் என்னும் சிறு தொகுப்பையும் நோட்டோவின் அடிப்படைத் தொகுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டேன். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும் அதன் எம்17என் பகுதியும். அக்கா தமிழ்99 விசைப்பலகை முறை பழகியவர். எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்99 என்ற பெயரில் ஒரு தளக்கோலம் இருப்பதால் ஐபஸ் எதற்கு என்று தோன்றலாம். வெறும் தளக்கோலம் ஒரு விசைக்கு ஓர் எழுத்தையே தரும். அடுத்தடுத்து ஒரே மெய்யைத் தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைப்பது போன்ற தமிழ்99 இன் விதிகள் எம்17என்னில்தான் இயங்குகின்றன. "அம்மா" என்று தட்டிப் பார்த்து, புள்ளி தானாக விழுந்ததும் அவர் முகத்தில் தெரிந்த நிறைவுக்காகவே இந்தப் பகுதியில் கூடுதல் நேரம் செலவிட்டதை நான் நியாயமாகக் கருதுகிறேன்.

சிறு அமைப்புகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எக்ஸ்எஃப்சிஇயின் சாளர மேலாளர் நுணுக்கங்களில் கம்போசிட்டரை அணைத்தேன். நிழலும் ஒளியூடுருவலும் போயின, சாளரங்கள் சற்றே விரைவாக நகர்ந்தன. டச்பேடில் விரலால் தட்டினால் சொடுக்காவது, டச்பேடை இயக்கும் லிப்இன்புட்டில் இயல்பாக அணைந்திருக்கும். அதைச் சுட்டி அமைப்பில் இயக்கினேன்.

செய்யாமல் விட்ட ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும். கெர்னலின் துவக்க வரியில் மிட்டிகேஷன்ஸ் ஆஃப் என்று சேர்த்தால் பழைய கணினி வேகம் பெறும் என்ற அறிவுரை பல இடங்களில் கிடைக்கிறது. 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான தடுப்புகளை அது அணைத்துவிடும். கோர் 2 தலைமுறையில் பிசிஐடி என்ற வசதி இல்லாததால், மெல்ட்டவுனுக்கான தடுப்பு இங்கே கூடுதல் சுமை என்பதும் உண்மைதான். கெர்னலுக்குள் நுழைந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் முகவரிக் குறிப்புகளைத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனால் உலாவி என்பது முன்பின் அறியாதவர்கள் எழுதிய நிரலை நாள் முழுவதும் ஓட்டும் இடம். மின்னஞ்சலின் கடவுச்சொல் அதே கணினியில் இருக்கும்போது, சில விழுக்காடு வேகத்துக்காக அந்தத் தடுப்பை நீக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வலையோடு இணையாமல் தனியாக ஓடும் கணினியானால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

ஒப்படைத்து ஆறு வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, ஒன்பது தாவல்களும் ஒரு லிப்ரேஆபிஸ் ஆவணமும் திறந்திருந்தன. இசட்-ராமில் 420 எம்பி, வட்டு ஸ்வாப்பில் ஒன்றுமில்லை, எர்லிஊமின் பதிவில் ஒரே ஒரு முறை தாவல் மூடப்பட்ட குறிப்பு. மடிக்கணினியின் மின்கலம் மட்டும் தீராத குறையாக நிற்கிறது. யூபவர் கட்டளையின் கணக்குப்படி அதன் கொள்ளளவு, தயாரிக்கப்பட்டபோது இருந்ததில் 31 விழுக்காடு. நாற்பது நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. அது உப்பியிருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தேன். பரப்பு சமமாகவே இருந்தது. மின்சாரம் நின்றால் எழுதியதைச் சேமித்து அணைக்க அந்த நேரம் போதும் என்பதால், பத்து விழுக்காட்டில் கணினி தானாக அணையும்படி மின்திறன் மேலாளரில் குறித்துவிட்டு, அடுத்த வருகையின்போது மீண்டும் கழற்றிப் பார்க்க நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.